அலுவலகத்துக்கோ அடுக்ககத்துக்கோ ஏ.இ.டி. வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

அடுக்ககச் சங்கம், பள்ளி, கல்யாண மண்டபம், ஜிம், தொழிற்சாலை என்று பல இடங்களில் இப்போது 'நாமும் ஒரு டிஃபிப்ரிலேட்டர் வாங்கி வைக்கலாமே' என்ற பேச்சு வருகிறது. ஏ.இ.டி. என்பது, திடீரென்று இதயம் நின்று விழுந்தவருக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் தானியங்கி டிஃபிப்ரிலேட்டர். நல்ல விஷயம். ஆனால் பெரும்பாலும் என்ன நடக்கிறது என்றால், யாரோ நாற்பது வயதுக்காரர் நடந்துகொண்டிருக்கும்போதே சுருண்டு விழுந்து இறந்த செய்தி வாட்ஸப்பில் வந்த வாரத்தில் இந்தப் பேச்சு எழும், கமிட்டியில் மூன்று கொட்டேஷன் வாங்கச் சொல்வார்கள், விலை குறைந்ததைத் தேர்ந்தெடுத்து வரவேற்பறைச் சுவரில் மாட்டி போட்டோ எடுத்துக்கொள்வார்கள், அத்தோடு சரி. இரண்டு மூன்று வருடம் கழித்து நிஜமாகவே ஒருவர் விழும்போது, அதிர்ச்சி கொடுக்க நெஞ்சில் ஒட்டும் பேட் காய்ந்துபோயிருக்கும், இல்லாவிட்டால் பெட்டியின் சாவி லீவில் போன மேனேஜரிடம் இருக்கும்.

ஒருவர் விழுந்த இடத்துக்கு, விழுந்த மூன்று நிமிடத்துக்குள், வேலை செய்யும் நிலையில் கருவி வந்து சேருமா? எந்த மாடல், எங்கே மாட்டுவது, யாருக்குப் பயிற்சி, எவ்வளவு பணம் என்று நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் இந்தக் கேள்வியை வைத்து எடுங்கள். கொட்டேஷனின் கடைசி வரியில் இருக்கும் தொகையை அதற்கப்புறம் பாருங்கள்.

இது எதற்கு உதவும், எதற்கு உதவாது

மாரடைப்பும் இதயம் நின்றுபோவதும் வேறு வேறு. மாரடைப்பில் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொள்கிறது. நெஞ்சு வலிக்கும், வியர்க்கும், ஆனால் ஆள் நினைவோடு இருப்பார், பேசுவார். அவருக்கு ஏ.இ.டி. தேவையில்லை, மாத்திரையும் மருத்துவமனையும்தான் தேவை. தமிழக அரசு 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுத்து அனுப்புவது இப்படி நெஞ்சுவலியோடு வருபவர்களுக்குத்தான்.

இதயம் நின்றுபோவது அப்படியில்லை. ஆள் சட்டென்று விழுவார், கூப்பிட்டால் அசைவிருக்காது, மூச்சும் ஒழுங்காக இருக்காது. அந்த நேரத்தில் பலருக்கு இதயம் முழுதாக நின்றிருக்காது. மின் ஒழுங்கு குலைந்து தாறுமாறாகத் துடித்துக்கொண்டிருக்கும், ரத்தம் மட்டும் வெளியே போகாது. இந்தக் குழப்பத்தை ஒரு மின் அதிர்ச்சியால் நிறுத்தி, இதயம் தன் பழைய தாளத்துக்குத் திரும்ப வாய்ப்புக் கொடுப்பதுதான் ஏ.இ.டி.யின் வேலை. அதிர்ச்சி தேவையா இல்லையா என்பதைக் கருவியே இதயத்தின் மின் ஓட்டத்தைப் படித்து முடிவுசெய்யும், தேவையில்லாதவருக்குக் கொடுக்காது. மாரடைப்பு முற்றி இதயம் நின்றுபோவதும் உண்டு, அதனால் நெஞ்சுவலி என்று ஒருவர் உட்கார்ந்தாலே கருவியை அவர் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துக்கொள்வது நல்லது, பேட் ஒட்ட வேண்டாம்.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம்? நெஞ்சை அழுத்தும் சி.பி.ஆர். எதுவும் செய்யாமல் விட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறையும். 108-ஐ உடனே கூப்பிட்டாக வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் நம் ஊர்ப் போக்குவரத்தில் ஆம்புலன்ஸ் மூன்று நிமிடத்தில் வந்துவிடாது. அந்த இடைவெளியை உங்கள் இடத்தில் இருக்கும் ஆட்கள்தான் நிரப்ப வேண்டும்.

கொட்டேஷன் கேட்கும் முன் நடந்து பாருங்கள்

முதல் தவறு எண்ணிக்கையில் நடக்கிறது. 'வளாகத்துக்கு ஒன்று போதும்' என்று உட்கார்ந்த இடத்திலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல், கையில் போனில் டைமரை ஓடவிட்டு, உங்கள் இடத்தின் கடைசி மூலையிலிருந்து கருவி வைக்க நினைக்கும் இடம் வரை வேகமாக நடந்து போய், எடுத்துக்கொண்டு திரும்பி வாருங்கள். போகவர மூன்று நிமிடத்துக்குள் முடிய வேண்டும். பன்னிரண்டு மாடி அடுக்ககத்தில் கருவி தரைத்தளத்தில் இருந்தால், லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரமும் கணக்கில் சேரும், அதுவும் காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூட நேரத்தில் பாருங்கள். மூன்று பிளாக் உள்ள இடத்தில் ஒரு கருவி போதாமல் போகலாம். உண்மையில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், உடற்பயிற்சிக் கூடம், நீச்சல் குளம், முதியவர்கள் நடக்கும் பாதை, கூட்டம் கூடும் ஹால் ஆகியவற்றுக்கு நடுவில் வையுங்கள், எம்.டி. அறைக்குப் பக்கத்தில் வேண்டாம்.

அமெரிக்காவில் கேசினோ எனப்படும் சூதாட்ட விடுதிகளில் செக்யூரிட்டி ஆட்களுக்கு ஏ.இ.டி. பயிற்சி கொடுத்து ஆராய்ந்து, அதன் முடிவுகளை 2000-ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். யாராவது பார்க்கும்படி விழுந்து, மின் அதிர்ச்சி ஏற்கும் நிலையில் இருந்தவர்களில், விழுந்த மூன்று நிமிடத்துக்குள் அதிர்ச்சி கிடைத்தவர்கள் 74 சதவீதம் பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனவர்களில் 49 சதவீதம். அங்கே கருவியைக் கையில் எடுத்தவர்கள் டாக்டர்கள் இல்லை, சீருடை போட்ட காவலாளிகள். நம் ஊரில் வாட்ச்மேனை கேட்டுக்கு மட்டும் பொறுப்பாக்கி வைத்திருக்கிறோம். இரவு இரண்டு மணிக்கு விழித்திருப்பவர் அவர் ஒருவர்தான் என்பதை வாங்கும்போதே நினைவில் வையுங்கள்.

இடம் முடிவானதும் வெயிலைப் பாருங்கள். பெரும்பாலான ஏ.இ.டி.க்கள் 0 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரை இயங்கும் என்று போட்டிருக்கும். ஆனால் அது இயங்கும் வெப்பநிலை, காத்திருக்கும் நிலையில் மாதக்கணக்கில் வைத்திருப்பதற்கான அளவு வேறாக இருக்கலாம். உதாரணமாக ஃபிலிப்ஸ் ஹார்ட்ஸ்டார்ட் ஹெச்.எஸ்.1 மாடலுக்கு அது 10 முதல் 43 டிகிரி வரைதான். வேலூரிலோ திருச்சியிலோ மே மாதம் தகரக் கூரை போட்ட செக்யூரிட்டி கேபினுக்குள் எவ்வளவு கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். சூட்டில் பேடின் ஜெல்லும் காயும், பேட்டரியும் தேயும். வெயிலில் நிறுத்திய வண்டியின் டிக்கியில் வைப்பதை நினைத்தே பார்க்க வேண்டாம்.

அப்புறம் பூட்டு. திருடு போய்விடும் என்ற பயத்தில் பூட்டுகிறார்கள். பூட்டிய பெட்டியை வாங்கவே வேண்டாம். திறந்தால் அலாரம் அடிக்கும் பெட்டி கிடைக்கிறது, சிசிடிவி பார்வையில் மாட்டுங்கள், போதும். பெட்டிக்கு மேலே தூரத்திலிருந்தே தெரியும்படி, பச்சைப் பின்னணியில் வெள்ளை இதயமும் நடுவில் மின்னலும் உள்ள சர்வதேசப் பலகையை மாட்டி, தமிழிலும் எழுதுங்கள். லிஃப்டுக்குள் 'ஏ.இ.டி. தரைத்தளத்தில், ஜிம் வாசலில்' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் யாரும் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

கொட்டேஷனில் எதைப் பார்ப்பது

இணையத்தில் 'டிஃபிப்ரிலேட்டர்' என்று தேடினால் மூன்று வேறு சாதனங்கள் ஒன்றாகக் கலந்து வரும். ஒன்று, மருத்துவமனை ஐ.சி.யு.வில் இருக்கும் மானிட்டரும் கைப்பிடியும் உள்ள பெரிய கருவி, அதில் இதயத்துடிப்பைப் படித்து முடிவெடுக்கத் தெரிந்தவர் வேண்டும், உங்கள் செக்யூரிட்டிக்கு அது பயன்படாது. இரண்டாவது, பயிற்சிக்கான டிரெய்னர். பார்க்க அச்சு அசலாக ஏ.இ.டி. மாதிரியே இருக்கும், பேசும், விளக்கு எரியும், ஆனால் அதிர்ச்சி கொடுக்காது. விலை மிகக் குறைவாக இருக்கிறதே என்று இதை வாங்கிச் சுவரில் மாட்டிவிடும் ஆபத்து நிஜமானது. மூன்றாவதுதான் உங்களுக்கு வேண்டிய தானியங்கி ஏ.இ.டி. கொட்டேஷனில் மாடல் பெயரும் எண்ணும் எழுத்தில் இருக்க வேண்டும், 'ஏ.இ.டி. மெஷின், இம்போர்டட்' என்று ஒற்றை வரி வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

இந்தியாவில் ஏ.இ.டி. ஒழுங்குபடுத்தப்பட்ட மருத்துவச் சாதனம், ஆபத்து அளவில் சி வகுப்பு. இறக்குமதி என்றால் எம்.டி.-15 படிவத்தில் இறக்குமதி உரிமமும், இங்கே தயாரானது என்றால் எம்.டி.-9 படிவத்தில் தயாரிப்பு உரிமமும் இருக்க வேண்டும். அதன் நகலைக் கேளுங்கள், நகலில் உள்ள மாடல் பெயரும் கொட்டேஷனில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். விற்பவருக்கும் எம்.டி.-42 பதிவோ மருந்து மொத்த விற்பனை உரிமமோ இருக்க வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், முறையாக வியாபாரம் செய்பவர் அரை மணி நேரத்தில் மெயில் அனுப்பிவிடுவார்.

இந்தக் காகிதங்களை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஏ.இ.டி. கோளாறாவது ஏட்டளவில் உள்ள பயம் இல்லை. அமெரிக்காவில் 2005 முதல் 2014 வரை இந்தக் கருவிகள் சரியாக வேலை செய்யாதது பற்றி சுமார் 72,000 அறிக்கைகள் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகத்துக்குப் போயின, அதன் பிறகுதான் 2015-இல் அவர்கள் அனுமதி முறையையே கடுமையாக்கினார்கள். எங்கிருந்து வந்தது என்றே தெரியாத பழைய கருவியை 'ரீஃபர்பிஷ்ட், ஜஸ்ட் லைக் நியூ' என்று யாராவது பாதி விலைக்குக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல இது போதும்.

இப்போது பணம். கருவியின் விலையை மட்டும் ஒப்பிடுவதுதான் இருப்பதிலேயே அதிகமாக நடக்கும் தவறு, இதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். பேட் ஒருமுறைதான் பயன்படும், பயன்படுத்தாவிட்டாலும் ஜெல் காய்ந்து காலாவதியாகும். பேட்டரியும் சும்மா இருக்கும்போதே தேயும், ஏனென்றால் கருவி தன்னைத்தானே சோதித்துக்கொண்டே இருக்கிறது. மேலே சொன்ன ஹெச்.எஸ்.1-இல் பேட் இரண்டு வருடம், பேட்டரி நான்கு வருடம். பத்து வருடம் வைத்திருந்தால் நான்கு முறை பேட், இரண்டு முறை பேட்டரி மாற்ற வேண்டும். ஹார்ட்சைன் சமாரிட்டன் கருவிகளில் பேடும் பேட்டரியும் ஒரே பேக், நான்கு வருடம் வரும், ஆக இரண்டு முறை மாற்றினால் போதும். ஸோல் ஏ.இ.டி. பிளஸ்ஸில் பேட் ஐந்து வருடம், பேட்டரியும் ஐந்து வருடம். இவற்றில் எது மலிவு என்பது இன்று உங்கள் ஊரில் அந்தப் பாகங்கள் என்ன விலை என்பதைப் பொறுத்தது. அதனால் கருவி, பேட், பேட்டரி, ஜி.எஸ்.டி. எல்லாவற்றையும் பத்து வருடத்துக்குக் கூட்டி ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். கருவி மலிவாக இருந்து பேட் விலை தாங்க முடியாததாக இருந்தால், மூன்றாவது வருடம் கமிட்டி 'அப்புறம் பார்க்கலாம்' என்று சொல்லிவிடும், அன்றிலிருந்து உங்களிடம் கருவி இல்லை என்றுதான் அர்த்தம்.

ரோட்டரி, லயன்ஸ் சங்கங்கள் மூலமாகவோ சி.எஸ்.ஆர். நிதியிலோ நன்கொடையாகக் கருவி வந்தாலும் இதே கணக்குத்தான். அடுத்த பேட் யார் வாங்குவார்கள் என்பதை விழாவுக்கு முன்பே எழுத்தில் பேசிவிடுங்கள்.

ஏ.எம்.சி. எனப்படும் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் போடச் சொன்னால், அதில் பேடும் பேட்டரியும் அடங்குமா என்று கேளுங்கள், பெரும்பாலும் அடங்காது. கருவி பழுதாகி சர்வீஸுக்குப் போனால் மாற்றுக் கருவி தருவார்களா என்பது அதைவிட முக்கியமான கேள்வி.

ஜூல் அளவை, அதாவது அதிர்ச்சியின் ஆற்றல் அளவைப் பற்றி விற்பனையாளர்கள் நிறையப் பேசுவார்கள். இப்போது வரும் கருவிகள் எல்லாமே இருதிசை மின்னோட்டம் கொடுப்பவைதான், ஒவ்வொரு நிறுவனமும் தன் அலைவடிவத்துக்கு ஏற்ற அளவை வைத்திருக்கிறது, 200-ஐ விட 360 பெரியது என்பதற்காக அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை. அதைவிட, கருவி பேசும் மொழி முக்கியம். பதற்றத்தில் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவருக்கே வார்த்தை காதில் ஏறாது. தமிழில் பேசும் மாடல் இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் டெமோவில் அந்தக் குரலைக் காதால் கேட்டு உறுதி செய்யுங்கள். இல்லாவிட்டால் திரையிலோ மூடியிலோ படங்கள் தெளிவாக உள்ளதை எடுங்கள். வடமாநிலத் தொழிலாளர்கள் அதிகம் உள்ள திருப்பூர், ஸ்ரீபெரும்புதூர் மாதிரி இடங்களில் இந்தியும் தேவைப்படும்.

பட்டனை நாம் அழுத்தும் அரைத் தானியங்கியா, தானே அதிர்ச்சி கொடுக்கும் முழுத் தானியங்கியா என்று கேட்பார்கள். பயிற்சி பெற்ற ஆட்கள் எப்போதும் இருக்கும் இடத்துக்கு நான் அரைத் தானியங்கியையே சொல்வேன், எல்லோரும் விலகி நிற்கிறார்களா என்று ஒருவர் பார்த்துவிட்டு அழுத்தலாம். யார் எடுப்பார்கள் என்றே சொல்ல முடியாத பொது இடத்தில், பட்டனை அழுத்தப் பயந்து கை நடுங்கி நிற்பவர்களுக்கு முழுத் தானியங்கி உதவும்.

பள்ளி என்றால் குழந்தை வசதி கட்டாயம். எட்டு வயதுக்குக் கீழே அல்லது 25 கிலோவுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதிர்ச்சியின் அளவைக் குறைக்க, சில மாடல்களில் தனி பேட் வரும், சிலவற்றில் ஒரு சாவி அல்லது சுவிட்ச். சுவிட்ச் இருப்பது செலவு குறைவு, ஏனென்றால் இரண்டு வகை பேட் வாங்கிக் காலாவதி பார்க்க வேண்டியதில்லை. குழந்தை பேட் இல்லாத நேரத்தில் பெரியவர்கள் பேடையே ஒன்றை நெஞ்சிலும் ஒன்றை முதுகிலுமாக ஒட்டிப் பயன்படுத்த வேண்டும், ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட அது மேல்.

தொழிற்சாலைத் தூசிக்கும் நீச்சல் குளக் கரைக்கும் தூசியும் தண்ணீரும் புகாத பாதுகாப்பைக் குறிக்கும் ஐ.பி. தரம் 55 அல்லது அதற்கு மேல் கேளுங்கள். ஏ.சி. அலுவலகத்துக்கு அது அவ்வளவு அவசியம் இல்லை.

பெட்டி வந்ததும்

கையெழுத்துப் போடும் முன் பிரியுங்கள். பேட் உறையில் உள்ள காலாவதித் தேதியைப் படியுங்கள். இரண்டு வருடப் பேடில் எட்டு மாதம்தான் மிச்சம் இருந்தால் அது கிடங்கில் கிடந்த சரக்கு, மாற்றித் தரச் சொல்லுங்கள். ஆர்டரிலேயே 'பேடுக்குக் குறைந்தது இத்தனை மாதம் மிச்சம் இருக்க வேண்டும்' என்று எழுதிவிட்டால் சண்டையே வராது. பேட்டரியைப் போட்டு, சுயசோதனை முடிந்து பச்சை விளக்கோ டிக் குறியோ வருகிறதா என்று பாருங்கள். கருவியின் சீரியல் எண் பில்லில் இருக்கிறதா என்றும் பாருங்கள். யார் உடம்பிலும் ஒட்டிச் சோதிக்கக் கூடாது, விளையாட்டுக்குக் கூட.

கூடவே ஒரு சின்னப் பை வாங்கிக் கட்டி வையுங்கள்: துணி வெட்டும் கத்தரி, துண்டு, ரேஸர், கையுறை, வாயோடு வாய் வைக்காமல் மூச்சுக் கொடுக்கும் பாக்கெட் மாஸ்க், அப்புறம் உபரி பேட் ஒரு செட்.

ஆட்களைத் தயார் செய்வது

அமெரிக்காவின் சியாட்டிலில் நடந்து 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே ஒரு நிமிட அறிமுகத்துக்குப் பிறகு ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பயிற்சிப் பொம்மை மேல் ஏ.இ.டி.யைச் சராசரியாக 90 விநாடியில் பயன்படுத்தினார்கள், தொழில்முறை ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கு 67 விநாடி ஆனது. கருவியை இயக்குவது அவ்வளவு எளிது. கடினம் எல்லாம் அதற்கு முன்னால்: இது அந்த நிலைமைதான் என்று கண்டுகொள்வது, தயங்காமல் நெஞ்சில் கை வைப்பது.

இதயம் நின்றவருக்கு முதல் ஓரிரு நிமிடம் இழுத்து இழுத்து ஒரு மூச்சு வரலாம், கை கால் வெட்டலாம். பார்ப்பவர்கள் வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள், முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள், வாயில் சோடா ஊற்றுவார்கள். அந்த இரண்டு நிமிடம்தான் நமக்கு வேண்டியது. 'கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு ஒழுங்காக இல்லை என்றால் உடனே தொடங்கு' என்பதை எல்லோர் மனதிலும் பதிய வையுங்கள். ஒருவர் 108-க்கு போன், ஒருவர் கருவிக்கு ஓட்டம், ஒருவர் நெஞ்சு நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்தம். கருவி வந்ததும் அது சொல்வதைக் கேட்டு நடந்தால் போதும்.

விற்பனையாளர் தரும் அரை மணி நேர 'டெமோ' பயிற்சி ஆகாது. பொம்மை மேல் ஒவ்வொருவரும் கையால் அழுத்திப் பழக வேண்டும். மருத்துவப் பின்னணி இல்லாதவர்களுக்காகவே இந்திய ரிசசிட்டேஷன் கவுன்சில் 'கோல்ஸ்' என்ற, நெஞ்சழுத்தம் மட்டும் கற்றுத்தரும் முறையை வைத்திருக்கிறது, செஞ்சிலுவைச் சங்கத்தின் முதலுதவி வகுப்புகளும் உண்டு. எதை எடுத்தாலும் ஏ.இ.டி. பயிற்சியும் சேர்த்துக் கேளுங்கள். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், ஜிம் பயிற்சியாளர், லிஃப்ட் ஆபரேட்டர் எல்லோரையும் உட்கார வையுங்கள், எல்லா ஷிஃப்டையும். பெண்களைக் கட்டாயம் சேருங்கள். விழுந்தவர் பெண்ணாக இருந்தால் ஆண்கள் சட்டையைத் திறக்கத் தயங்கி நிற்பது உலகம் முழுக்க நடக்கிறது, நம் ஊரில் கேட்கவே வேண்டாம். சுற்றிலும் ஒரு புடவையையோ துப்பட்டாவையோ பிடித்து மறைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கலாம் என்று பயிற்சியிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். வியர்வை, எண்ணெய், சந்தனம் இருந்தால் துண்டால் துடைத்த பிறகே பேட் ஒட்டும். தாலிச் சங்கிலியைக் கழற்ற நேரம் செலவழிக்காமல் பேட் ஒட்டும் இடத்திலிருந்து நகர்த்திவிட்டால் போதும். தோலுக்கு அடியில் பேஸ்மேக்கர் மேடு தெரிந்தால் அதற்கு மேல் ஒட்டாமல் சற்றுத் தள்ளி ஒட்ட வேண்டும்.

'தப்பா ஏதாவது ஆகிட்டா போலீஸ் கேஸ் வருமே' என்று கூட்டத்தில் ஒருவர் நிச்சயம் கேட்பார். நியாயமான பயம். சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாத ஒருவருக்கு, அவர் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்யும் உதவி குற்றமாகாது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆம் பிரிவு சொல்கிறது, பழைய தண்டனைச் சட்டத்தில் இது 92-ஆம் பிரிவு. இதை அச்செடுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினாலும் நல்லதுதான்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை முன்னறிவிப்பில்லாமல் ஒத்திகை பாருங்கள். கற்ற கை சில மாதத்தில் மறந்துபோகும். செக்யூரிட்டி ஏஜென்சி ஆட்களை மாற்றினால் புதியவர் முதல் வாரத்திலேயே பெட்டியைத் தொட்டுத் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

அதற்கப்புறம் உள்ள வருடங்கள்

கேட் ரெஜிஸ்டரில் தினமும் ஒரு வரி சேருங்கள்: பச்சை விளக்கு இருக்கிறதா, கையெழுத்து. மாதம் ஒருமுறை பொறுப்பாளர் பேட் தேதி, பேட்டரித் தேதி, பையில் உள்ள பொருட்கள் மூன்றையும் பார்க்கட்டும். காலாவதிக்கு மூன்று மாதம் முன்பே ஆர்டர் போடுங்கள், லித்தியம் பேட்டரியை விமானத்தில் அனுப்பக் கட்டுப்பாடுகள் இருப்பதால் வந்து சேரத் தாமதமாகும். சுயசோதனை தானாக நடக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், ஒலி எழுப்பி எச்சரிக்கும் கருவியின் சத்தத்தை 'ஏதோ கத்துது' என்று பேட்டரியைக் கழற்றி வைத்துவிட வாய்ப்புண்டு.

பில்லும் வாரன்டியும் செயலாளரின் சொந்த மெயிலில் இருக்கக் கூடாது. அடுக்ககச் சங்கத்தில் கமிட்டி மாறிக்கொண்டே இருக்கும், தயாரிப்பாளர் ஒரு கோளாறைக் கண்டுபிடித்து 'இந்த சீரியல் எண்களைத் திருப்பி அனுப்புங்கள்' என்று எழுதும் கடிதம் வீடு மாறிப் போனவரின் இன்பாக்ஸில் கிடக்கும். சங்கத்தின் பொது மெயிலில் பதிவு செய்யுங்கள், பொறுப்பு மாறும்போது ஒப்படைக்கும் பட்டியலில் ஏ.இ.டி.யும் ஒரு வரியாக இருக்கட்டும்.

கருவியைப் பயன்படுத்த நேர்ந்தால் பேடை உடம்பிலிருந்து பிய்க்காமல் அப்படியே ஆம்புலன்ஸ் ஊழியர்களிடம் ஒப்படையுங்கள், எத்தனை முறை அதிர்ச்சி கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். கருவிக்குள் அந்த நிமிடங்களின் இதய ஓட்டம் பதிவாகியிருக்கும், சிகிச்சை தரும் டாக்டர் கேட்டால் விற்பனையாளர் மூலம் எடுத்துக் கொடுக்கலாம். புது பேடுக்கான பணத்தை அந்தக் குடும்பத்திடம் கேட்கப் போவதில்லை என்று முன்கூட்டியே தீர்மானம் போட்டு வையுங்கள். உபரி பேடை அன்றே மாட்டி, பச்சை விளக்கு வந்ததைப் பார்த்துவிட்டு, அடுத்த உபரிக்கு ஆர்டர் அனுப்புங்கள். அழுத்தியவரையும் ஓடியவரையும் ஓரிரு நாளில் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள். ஆள் பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் அவர்களுக்குத் தூக்கம் வராது, செக்யூரிட்டிக்கு இரண்டு நாள் சம்பளத்தோடு லீவு கொடுங்கள்.